மிஸ்ட்டுக்கு எந்தச் சொல்? பனி, மூடுபனி, பனிமூட்டம், மஞ்சு

கொடைக்கானலுக்கு மேலே ஒரு சிறிய தங்கும் விடுதி. அதற்காக ஆங்கிலத்தில் இருந்த எட்டுப் பக்கக் கையேட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் ‘மிஸ்ட்’ என்ற சொல் பதினோரு இடங்களில் இருந்தது. அதிகம் யோசிக்காமல் எல்லா இடத்திலும் ‘பனி’ என்று எழுதிவிட்டேன். அச்சாகி வந்த சில நாட்களில் விடுதிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். கையேட்டைப் பார்த்த மதுரைக் குடும்பம் ஒன்று, “பனி இறங்கும்னு போட்டிருக்கே, பிள்ளைங்க அள்ளி விளையாடுற அளவுக்கு இருக்குமா?” என்று கேட்டிருக்கிறார்கள். கொடைக்கானலில் அள்ளி விளையாடும் பனி பொழிவதில்லை. அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. நான் எழுதியிருந்த வாக்கியத்துக்கு அப்படியும் பொருள் இருந்தது.

மறுபதிப்புக்கு முன்னால் அந்தப் பதினோரு இடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பனி, மூடுபனி, பனிமூட்டம், மஞ்சு என்று நாலு சொல் கையில் இருந்தன. இவற்றில் எதை எங்கே வைப்பது? மொழிபெயர்ப்பவர்கள், பயணக் கட்டுரை எழுதுபவர்கள், படத்துக்குத் துணைத்தலைப்பு போடுபவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். அதனால் நான் பார்த்த வரையில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆங்கிலச் சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மிஸ்ட், ஃபாக் இரண்டுமே காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள்தான். வானிலைத் துறையில் இவற்றைப் பிரிப்பது பார்வைத் தூரம். 1 கிலோமீட்டருக்குக் கீழே பார்வை குறைந்தால் ஃபாக். 1 கிலோமீட்டருக்கு மேல் தெரிந்தும் காட்சி மங்கலாக இருந்தால் மிஸ்ட். விமான நிலையங்களின் வானிலைக் குறிப்பில் மிஸ்ட்டுக்கு ‘பிஆர்’ என்று குறியீடு. ‘ப்ரூம்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த அந்தக் குறியீட்டை 1,000 மீட்டர் முதல் 5,000 மீட்டர் வரை பார்வை இருக்கும்போது போடுவார்கள். அதே மங்கலுக்குத் தூசும் புகையும் காரணமாக இருந்தால் அது ஹேஸ். ஆக, மிஸ்ட் என்பது இன்னும் பார்க்க விடுகிற பனி. எதிர் மலையின் விளிம்பு தெரியும், அதிலுள்ள மரங்கள் தெரியாது. இந்த ‘பாதி தெரிதல்’ தமிழ்ச் சொல்லிலும் இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் எதிர்பார்ப்பு.

மிஸ்ட் என்ற சொல்லின் மூலத்தைத் தேடிப் போனால் நமக்குத் தெரிந்த ஒரு முகம் எதிரே வருகிறது. வடமொழியின் ‘மேக’, அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட மேகம், இவையும் மிஸ்ட்டும் ஒரே பழைய வேரிலிருந்து பிரிந்தவை என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். மேகத்தையும் மலையில் தவழும் இந்த வெண்மையையும் மனிதர்கள் ஆதியில் தனித்தனியாகப் பார்க்கவில்லை போலும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சு பற்றிச் சொல்லும்போது திரும்ப வருவேன்.

‘பனி’ என்ற சொல்லைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தமிழில் இவ்வளவு ஈரமான சொல் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, காலையில் வயல் மேல் நிற்கும் வெண்மையும் பனி, அந்த நாட்களின் குளிரும் பனி. ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று இதன் பெயரையே வைத்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. தொல்காப்பியம் குறிஞ்சித் திணைக்குக் கூதிரோடு முன்பனியையும் சேர்த்துச் சொல்கிறது. மலைநிலத்தின் காலமாகப் பனிக்காலம் குறிக்கப்பட்டது வெறும் மரபு மட்டும் இல்லை, மலையில் ஓர் இரவு தங்கியவர்களுக்கு அது புரியும்.

‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்கிறது பழமொழி. இங்கே பனி கண்ணுக்குத் தெரிகிற பொருளே இல்லை, உடம்பில் இறங்குகிற குளிர். பனித்தல் என்ற வினைக்கு நடுங்குதல் என்ற பொருளும் பழைய தமிழில் உண்டு. மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். காய்ச்சலில் உடம்பு உதறுவதை நினைத்தால் அந்த உறவு தெரிந்துவிடும். கண்ணில் நீர் துளிர்ப்பதைக் ‘கண் பனித்தது’ என்கிறோம். கருவில் குழந்தை மிதக்கும் உறையைப் பனிக்குடம் என்கிறோம். கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீரும் பனிநீர்தான். குளிர்ச்சி, நடுக்கம், துளி, ஈரம், கண்ணீர் எல்லாம் இந்த இரண்டு எழுத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

இதற்குச் சேரும் வினையையும் கவனியுங்கள். பனி பெய்கிறது, விழுகிறது, கொட்டுகிறது. திருப்பாவையில் ஆண்டாள் ‘பனித்தலை வீழ’ வாசலில் நின்று தோழியை எழுப்புகிறாள். “பனியில நிக்காதே, தலையில துண்டைக் கட்டு” என்று இன்றைக்கும் வீட்டில் சொல்வார்கள். அறிவியல்படி புல்லின் மேல் இருக்கும் துளி மேலிருந்து விழுவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு நிலம் ஈரமாக இருக்கும், வானம் வெளுத்திருக்கும், இரவு நீளமாக இருக்கும். நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு வேகமாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்று ஈரத்தைத் தாங்க முடியாமல் துளியாக விட்டுவிடுகிறது. புல்லில் படிந்தால் அது பனித்துளி, காற்றிலேயே நின்றால் மிஸ்ட். இரண்டும் ஒரே இரவின் ஒரே வேலை என்பதால், இரண்டுக்கும் பனி என்ற ஒரே பெயர் வைத்தது பிழை இல்லை.

அப்படியானால் என் கையேட்டில் என்ன தப்பு நடந்தது? நம் காலத்தில் பனியின் தலையில் வேறொரு சுமையை ஏற்றிவிட்டோம். பனிப்பாறை, பனிச்சரிவு, பனிக்கட்டி, பனிப்பொழிவு என்று பாடநூல்களும் செய்திகளும் பனியை உறைந்த நீருக்கும் கொடுத்தன. இமயமலைச் செய்தியையும் சிம்லா பயணத்தையும் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு ‘மலையில் பனி’ என்றதும் வெள்ளைப் போர்வைதான் மனதில் வரும். நீலகிரிச் செய்தியாளர்கள் இந்தச் சிக்கலை நன்றாகவே தீர்த்திருக்கிறார்கள். துளியாக இருப்பதை நீர்ப்பனி என்றும், டிசம்பர், ஜனவரியில் புல்வெளியை வெள்ளையாக்கித் தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதை உறைபனி என்றும் பிரித்து எழுதுகிறார்கள். நல்ல பழக்கம். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பனியைத் தனியாக விடக்கூடாது. மாதமோ நேரமோ இடமோ கூடவே இருக்க வேண்டும். மார்கழிப் பனி என்றால், விடியற்காலைப் பனி என்றால், வயல்பனி என்றால் யாரும் பனிச்சறுக்கை நினைக்க மாட்டார்கள். வெறுமனே ‘மலையில் பனி’ என்றால் நினைப்பார்கள்.

மூடுபனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழகான வினைத்தொகை. மூடிய, மூடுகின்ற, மூடும் என்று மூன்று காலத்தையும் உள்ளே வைத்திருக்கிறது. ஆனால் வேலை என்னவோ மூடுவதுதான். மிஸ்ட் மூடுவதில்லை, மறைத்தும் மறைக்காமலும் நிற்கும். ‘லேசான மூடுபனி’ என்று எழுதினால் முதல் சொல்லும் இரண்டாம் சொல்லும் ஒன்றையொன்று இழுக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் டெல்லியிலும் கங்கைச் சமவெளியிலும் ரயில்களை மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கும் அந்த அடர்த்திக்கு மூடுபனி பொருத்தம். ஃபாக்குக்கு அதை ஒதுக்கிவிட்டால் நமக்குப் பெரிய வசதி. மலையாளத்தில் மூடல்மஞ்ஞு என்பதும் இதே எண்ணத்தில் எழுந்த சொல்தான். படம் எடுப்பவர்களும் கதை எழுதுபவர்களும் மூடுபனியை விரும்புவதற்கு அதில் இருக்கும் மர்மம் காரணம். அந்த மர்மம் வேண்டிய இடத்தில் மட்டும் எடுத்தால் அது வலுவாக நிற்கும்.

பனிமூட்டம் வேறு வகை. இது உழைக்கிற சொல். ‘அதிகாலை வேளையில் லேசான பனிமூட்டம் காணப்படும்’ என்று சென்னை வானிலை மையத்தின் அறிக்கைகளில் குளிர்காலம் முழுக்கப் பார்க்கிறோம். இலங்கையில் நுவரெலியா, ஹட்டன் பக்கத்துச் செய்திகளிலும் இதே சொல்தான், ‘பனிமூட்டம் காரணமாகச் சாரதிகள் முகப்பு விளக்குகளை ஒளிரவிட்டுச் செல்லவும்’ என்பார்கள். கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல், ஒரே பொருள். ‘லேசான’ என்று முன்னால் போட்டால் மிஸ்ட், ‘அடர்’ என்று போட்டால் ஃபாக். குழப்பமே இல்லை. உயிருக்கு ஆபத்து இருக்கிற இடத்தில், வளைவில் எதிரே வண்டி வரலாம் என்கிற இடத்தில், வேறு எந்தச் சொல்லையும் நான் தேட மாட்டேன். அறிவிப்புப் பலகை, ஓட்டுநருக்கான குறிப்பு, வானிலைச் செய்தி மூன்றுக்கும் பனிமூட்டம்தான்.

ஆனால் அது நகராது. பனிமூட்டம் நிலவும், காணப்படும், நீடிக்கும், விலகும். அதைத் தவழவிட்டுப் பாருங்கள், ‘பனிமூட்டம் தவழ்ந்து ஜன்னலுக்குள் வந்தது’ என்று. வாய் ஒத்துக்கொள்ளாது. மூட்டம் என்ற பகுதி எடையாக உட்கார்ந்திருக்கிறது. மலையில் மிஸ்ட்டின் இயல்பே நகர்ச்சிதான். தூண்பாறையின் எதிரே நின்றவர்களுக்குத் தெரியும். மூன்று பாறைகளும் பளிச்சென்று நிற்கும், கேமராவை எடுப்பதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து வெண்மை ஏறி மூன்றையும் விழுங்கிவிடும். சில நிமிடம் பொறுத்தால் ஒரு பாறையின் தோள் மட்டும் தெரியும். இதை நிலவியது என்று எழுத முடியுமா?

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு வழி பிடிபட்டது. சொல்லின் அகராதிப் பொருளை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் நாலும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பக்கத்தில் எந்த வினை வருகிறது என்று பார்த்தால் பிரிந்துவிடுகின்றன. பனி பெய்யும். மூடுபனி சூழும். பனிமூட்டம் நிலவும். மஞ்சு தவழும். ஆங்கில வாக்கியத்தில் மிஸ்ட் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்து, அந்த வேலையைச் செய்யக்கூடிய தமிழ்ச் சொல்லை எடுத்தால் பெரும்பாலும் சரியாக வருகிறது.

மஞ்சுவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசை. தெலுங்கில் மஞ்சு என்றால் பனி, உறைபனி, வெண்பனி எல்லாம். கன்னடத்திலும் மஞ்சு இருக்கிறது. மலையாளத்தில் மஞ்ஞு, அன்றாடம் புழங்குகிற சொல். மூன்று அண்டை மொழிகளிலும் குழந்தைகள்கூடச் சொல்லும் ஒரு சொல்லை நாம் மட்டும் செய்யுளுக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். தமிழில் மஞ்சுக்கு மேகம் என்ற பொருளும் உண்டு, பனி என்ற பொருளும் உண்டு. ‘மஞ்சு தவழும் மலை’ என்ற தொடர் மேடைப் பேச்சில்கூட இன்னும் ஒலிக்கிறது, கேட்பவர்களுக்குப் புரியாமல் போவதில்லை.

மேகமா பனியா என்று பிரிக்காமல் இருப்பது குறை என்று சிலர் சொல்லலாம். மலையைப் பொறுத்தவரை அதுவே அதன் பலம். சமவெளியில் மிஸ்ட் நிலத்திலிருந்து உருவாகிறது, மேலே சொன்ன மார்கழி இரவு மாதிரி. மலையில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஈரக் காற்று சரிவில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது, அந்த மேகம் நாம் நிற்கும் உயரத்திலேயே இருக்கிறது. கீழே வத்தலக்குண்டிலிருந்து பார்ப்பவருக்கு அது மலை முகட்டில் படிந்த மேகம். முகட்டில் நிற்பவருக்கு அது மிஸ்ட். பொருள் ஒன்றுதான், நிற்கும் இடம்தான் வேறு. தேனி மாவட்டத்தில் மேகமலை என்று பெயர் வைத்தவர்கள் இதைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். நீலகிரியில் மஞ்சூர் என்ற ஊர்ப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மஞ்சுதான் நினைவுக்கு வருகிறது. மேகமும் மிஸ்ட்டும் ஒரே வேர் என்று சொன்னேன் இல்லையா, மஞ்சு அந்த ஒற்றுமையை ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

தடைகளும் உண்டு, மறைக்க வேண்டாம். மஞ்சு நம் வீடுகளில் பெண் பெயர். அழகு என்ற பொருள் கொண்ட வடமொழி மஞ்சு வேறு, இந்த மஞ்சு வேறு, ஆனால் எழுத்தில் இரண்டும் ஒன்றே. ‘மாலையில் மஞ்சு இறங்கியது’ என்று எழுதினால், யார் எங்கே இறங்கினார்கள் என்று வாசகர் ஒரு நொடி தடுமாறக்கூடும். அதனால் முதல் தடவை வரும்போது மலைமஞ்சு என்றோ வெண்மஞ்சு என்றோ அடை கொடுத்து எழுதுகிறேன். ஒருமுறை அறிமுகமாகிவிட்டால் அப்புறம் வெறும் மஞ்சு போதும். எச்சரிக்கைப் பலகையில் இதை ஒருபோதும் போடக்கூடாது. ஓட்டுநர் அரை நொடி யோசித்தாலே அங்கே அது அதிகம்.

மிஸ்ட் என்றே விட்டுவிடலாமே என்பார்கள். பேச்சில் விடலாம். மலையில் வண்டி ஓட்டுபவர் “மிஸ்ட் ஏறிடுச்சு சார், இப்ப போனா ஒண்ணும் தெரியாது” என்றுதான் சொல்கிறார், கதையில் அவர் பேசினால் அப்படியே எழுத வேண்டும். அவர் வாயில் மஞ்சுவை வைத்தால் அவர் பொய்யாகிவிடுவார். ஆனால் எழுதுகிறவரின் குரலில் மிஸ்ட் வரும்போது எனக்கு ஏதோ குறைகிறது. முன்பனி, பின்பனி என்று காலத்துக்கே பெயர் வைத்த மொழியில் இந்த ஒன்றுக்குக் கடன் வாங்க வேண்டிய தேவை இல்லை.

புகை சேர்ந்த சொற்களை மட்டும் இங்கே கலக்காதீர்கள். பார்ப்பதற்குப் புகை போலிருக்கிறது என்பதால் மிஸ்ட்டைப் புகைமூட்டம் என்று எழுதுவதைப் பார்க்கிறேன். 2018 போகியன்று சென்னையில் எரித்த பொருட்களின் புகை பனியோடு சேர்ந்து விமானங்களைத் தடுத்ததே, அது புகைமூட்டம். 2013 ஜூனில் சுமத்ரா காட்டுத்தீயால் சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401 வரை போனபோது அங்குள்ள தமிழர்கள் புகைமூட்டம் என்றார்கள், அதுவும் சரி. மூச்சுத் திணறுபவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்து ஜன்னலை மூடுகிறார்கள். சுத்தமான மலைக்காற்றின் ஈரத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால், உண்மையிலேயே எச்சரிக்க வேண்டிய நாளில் சொல்லுக்கு வலு இருக்காது. தெலுங்கில் மூடுபனிக்குப் பொகமஞ்சு, அதாவது புகைப்பனி என்று பெயர். அங்கே அது உவமையாக நிலைத்துவிட்டது. தமிழில் அந்த இடம் காலியாக இல்லை.

இனி வானிலைக்கு வெளியே. ஆங்கிலத்தில் மிஸ்ட் பல இடங்களுக்குப் போகிறது, நம் நாலு சொல்லும் எல்லா இடத்துக்கும் கூடவே வராது. கண்கள் மிஸ்ட் ஆயின என்றால் ‘கண் பனித்தது’. இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எந்த மொழியிலும் இருக்காது என்று எனக்கு ஒரு பெருமையே உண்டு. கண்ணாடியில் மிஸ்ட் என்றால் பனி வேண்டாம், ‘கண்ணாடியில் ஆவி படிந்தது’ என்றுதான் சொல்கிறோம். முகத்தில் தெளித்துக்கொள்ளும் மிஸ்ட், செடிக்குத் தெளிக்கும் மிஸ்ட் எல்லாம் தூவல் அல்லது திவலை. அருவியருகே முகத்தில் அடிப்பது சாரல், குற்றாலம் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை விட்ட பிறகும் காற்றில் வருவது தூவானம். காலத்தின் மிஸ்ட்டில் மறைந்த வரலாறு என்று ஆங்கிலத்தில் வரும்போது, ‘காலத்தின் மூடுபனியில்’ என்று அப்படியே தூக்கிப் போடுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ‘இன்னதென்று தெரியாத பழங்காலம்’ என்று சொன்னாலே போதும்.

சரி, பதினோரு இடங்கள் என்ன ஆயின? மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது பற்றிய மூன்று இடங்களில் பனிமூட்டம். மார்கழி, தை மாதங்களில் என்ன உடை கொண்டுவர வேண்டும் என்ற பகுதியில் இரண்டு இடம், அங்கே பனி. மாதம் கூடவே இருப்பதாலும், அங்கே பேச்சு குளிரைப் பற்றியது என்பதாலும் அதுதான் சரி. அறைக் கண்ணாடியில் படிவது ஒன்று, ஆவி. அருவிக்கு அருகே நடைபாதை வழுக்கும் என்ற எச்சரிக்கையில் ஒன்று, சாரல். ஓர் இடத்தில் மூடுபனி வைத்தேன், எதிரே இருப்பவர் தெரியாத நாட்களும் உண்டு என்று மூலமே சொல்லியிருந்தது. மீதி மூன்றும் மஞ்சு.

அந்த மூன்றில் ஒன்றுக்காக விடுதிக்காரரோடு கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. “பனின்னே இருக்கட்டுமே சார், மஞ்சுன்னா யாருக்குத் தெரியும்” என்றார். வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன்: ‘பிற்பகல் நான்கு மணிக்கு மேல் மலைமஞ்சு பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் தேநீர்க் கோப்பை வரைக்கும் தவழ்ந்து வரும்.’ இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். “எங்க பாட்டி சொல்லுவாங்க இந்த வார்த்தையை” என்றார்.